காட்பாடி கேம் சென்டர்: ஒரு கீபோர்டுக்காரனின் ரிவ்யூ

மணிக்கு 80 ரூபாய். ஏசி நன்றாகவே ஓடுகிறது. வேலூர் வெயிலுக்கு அது ஒன்றே போதும் என்பவர்கள் உண்டு. காட்பாடியின் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில் இருக்கும் இந்த கேம் சென்டருக்கு நான் போவது இசை கேட்க. கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறவன் நான். விளையாட்டில் சுமார்தான், முதல் துப்பாக்கிச் சண்டையிலேயே செத்துவிடுவேன்.

இங்கே எனக்குப் பிடித்தது 2010-இல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்' என்ற கௌபாய் கேம். இசை பில் எல்ம், வுடி ஜாக்சன். கிட்டத்தட்ட எல்லாவற்றையும் ஏ மைனர் சுருதியில், நிமிடத்துக்கு 130 அடி என்ற டெம்போவில் போட்டிருக்கிறார்கள். கேட்டதும் சோம்பேறித்தனம் என்று தோன்றும். ஆனால் ஒரே சுருதி, ஒரே வேகம் என்பதால் எந்த ட்ராக்கின் மேல் எதை ஏற்றினாலும் பிசிறடிக்காது. குதிரையில் சும்மா போகும்போது அடியில் ஏதோ லேசாக ஓடுகிறது, வம்பு வந்ததும் தாளம் சேர்கிறது, தப்பித்தால் கழன்றுகொள்கிறது.

சினிமாவில் ரீ-ரிக்கார்டிங், அதாவது பின்னணி இசை, என்பது பெரும்பாலும் எடிட் முடிந்த காட்சிக்கு வாசிப்பது. கதவு எந்த நொடியில் திறக்கும் என்று இசையமைப்பாளருக்குத் தெரியும்; அதற்கு முந்தைய அரை நொடி மௌனத்தைக்கூட அளந்து வைக்கலாம். விளையாட்டில் கதவைத் திறப்பது நான். திறக்காமல் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றால்? ரிசப்ஷனில் பெண் மேடைக்கு வரும்வரை அதே நாலு பாரை (தாளச் சுற்றை) திரும்பத் திரும்ப வாசித்து, வாசலில் தலை தெரிந்ததும் அடுத்ததற்குத் தாவுவோமே, அந்த வேலைதான் இது. இருந்தாலும் அழவைப்பதில் சினிமா இசைதான் ஒரு படி மேல். அந்த அரை நொடிக்கு ஈடு கிடையாது.

மூலையில் ஒரு பழைய டிவியில் 1978-இன் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வைத்திருக்கிறார்கள். இசை மொத்தமே இறங்கிவரும் நாலு ஸ்வரம். எதிரிகள் நெருங்க நெருங்க அதன் வேகம் கூடுகிறது. கை வியர்த்துவிட்டது. எங்கள் ரிதம் பேட்காரரைக் கட்டாயம் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும்.

குறை? மூன்றாம் நம்பர் ஹெட்செட்டில் இடது காது வேலை செய்யவில்லை. சொன்னால், "நாளைக்கு மாத்திடறேண்ணா" என்கிறார் கவுன்டர் தம்பி. எத்தனை நாளாகவோ அதே நாளை. சனி, ஞாயிறு போகாதீர்கள், கல்லூரிப் பையன்கள் ஃபுட்பால் விளையாடும் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. வார நாளில் காலை பதினோரு மணிக்குப் போனால் கூட்டமில்லை. சொந்த ஹெட்போன் இருந்தால் எடுத்துப் போங்கள், மாட்டிக்கொள்ள விடுகிறார்கள்.