பெரிய சுட்டியா, சிறிய சுட்டியா?

4, 8, 9, 16, 25, 27, 32, 36, 49, 64, 81 என்று நிறைவலுக்களை (ஒரு முழு எண்ணை அதனாலேயே பெருக்கிக்கொண்டு போனால் கிடைக்கும் எண்களை) எழுதி, ஒவ்வொன்றின் சுட்டியையும் (2³இல் 3 போல) எடுத்தால் ஓர் எண்வரிசை கிடைக்கும். 16இல் சிக்கல் தொடங்கும்: 2⁴ என்பதா, 4² என்பதா?

பெரியதை எடுத்தால்: 2, 3, 2, 4, 2, 3, 5, 2, 2, 6, 4.
சிறியதை எடுத்தால்: 2, 3, 2, 2, 2, 3, 5, 2, 2, 2, 2.

சிறியதில் முதன்மை எண்கள் மட்டுமே வரும். 2⁶ஐ 8² என்று எழுதிவிடலாமே! ஆனால் போகப்போக 2 ஆகவே வந்து அலுப்புத் தட்டும்.

பெரியதில்தான் சரக்கு அதிகம். எண்ணை முதன்மைக் காரணிகளாக்கி, சுட்டிகளின் பொதுக் காரணிகளுள் பெரியதைப் (பொ.கா.பெ.) பார்க்க வேண்டும். 144 = 2⁴×3², ஆகவே 2. 72 = 2³×3²; 1 வருவதால் அது நிறைவலுவே இல்லை. 2இலிருந்து எல்லா முழு எண்களும் இதில் வரும்: 7 முதலில் தலைகாட்டுவது 128இல், 10 வருவது 1024இல். இலங்கையின் மல்லாவியில் சாதாரணதரப் (10, 11ஆம் வகுப்புப்) பிள்ளைகளுக்குக் காட்டுவதென்றால் நான் இதையே எடுப்பேன். பொ.கா.பெ. அவர்களுக்குப் பழகிய சங்கதி.

1ஐ இரண்டிலும் விட்டுவிடுங்கள், அதற்கு எந்தச் சுட்டியும் பொருந்தும். அப்புறம், 8, 9 போல் அடுத்தடுத்து நிற்கும் நிறைவலுச் சோடி வேறில்லை. 2002இல் கணிதவியலாளர் மிஹைலெஸ்கு அதை நிறுவினார்.