அம்பாசிடர் மார்க் 2: சொந்த எஞ்சினா, இசுசு எஞ்சினா?

என்னிடம் இருக்கும் அம்பாசிடர் மார்க் 2 முதன்முதலில் 1971இல் பதிவு செய்யப்பட்டது. கட்டம் போட்ட முன் கிரில்லும், ஸ்டியரிங் தண்டோடு ஒட்டிய கியர் கம்பியும், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கும் கொண்ட அந்த வண்டி, சென்ற ஆண்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்கும் மேல் எஞ்சின் ஆயிலைக் குடித்துக்கொண்டு, ஏற்றங்களில் நீலப் புகையைக் கக்கத் தொடங்கியது. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் பானட்டைத் திறந்து, ஆக்சிலரேட்டரை இரண்டு முறை முறுக்கிக் கேட்டுவிட்டு, "இதோட எதுக்குங்க மல்லுக்கட்டறீங்க? இசுசு எஞ்சினைத் தூக்கி வெச்சரலாங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் உடனே மறுக்கவும் முடியவில்லை. ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. அடுத்த நான்கு மாதங்களில் ஜப்பானிய நிறுவனமான இசுசுவின் எஞ்சின் பொருத்திய ஒரு மார்க் 2ஐ ஓட்டிப் பார்த்தேன். என் வண்டியின் பழைய எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கவும் கொடுத்தேன். அந்த இரண்டு எஞ்சின்களையும், புதுப்பித்துக் கொடுத்த பட்டறையின் சேவையையும் பற்றியதே இந்த மதிப்பீடு.

மார்க் 2இல் இருப்பது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி சீரிஸ் என்னும் 1489 சிசி எஞ்சின். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தர்பாராவில் அம்பாசிடரைத் தயாரித்தது என்பது பலரும் அறிந்ததே. அதே எஞ்சின், இரட்டைக் கார்புரேட்டரோடு, 1955இல் வெளிவந்த எம்.ஜி.ஏ என்னும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது என்பதைச் சொன்னால் மட்டும் பலர் நம்ப மறுக்கிறார்கள். பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. சிலிண்டரின் உள்விட்டமான போர் 73 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரமான ஸ்ட்ரோக் 88.9 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக் இவ்வளவு நீளமாக இருப்பதால்தான் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மூன்றாம் கியரில் மாட்டுவண்டிக்குப் பின்னால் ஊர்ந்தாலும் இந்த எஞ்சின் திணறுவதில்லை. அதே காரணத்தால் வேகமாகச் சுழலவும் விரும்புவதில்லை. பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்கைத் தாங்குபவை மூன்று மெயின் பேரிங்குகள் மட்டுமே. பிற்காலத்தில் எம்.ஜி.பி காருக்காக இதே குடும்பத்து எஞ்சினுக்கு ஐந்து பேரிங் கொடுத்தார்கள் என்பதிலிருந்தே, மூன்று போதவில்லை என்று அதை உருவாக்கியவர்களே உணர்ந்திருந்தார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். மணிக்கு 65 கிலோமீட்டரில் இந்த வண்டி பேசாமல் போகும். 80ஐத் தாண்டினால் எஞ்சின் முறையிடுவது காலடித் தகடு வழியாகவே தெரியும்.

இசுசு எஞ்சினை வெளியாள் என்று தள்ளிவிடவும் முடியாது. 1990களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே 1817 சிசி இசுசு பெட்ரோல் எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் அம்பாசிடரில் பொருத்தி விற்றது. பழைய எஞ்சின் தருவது சுமார் 50 குதிரைத்திறன் என்றால் இது தருவது சுமார் 75. நான் ஓட்டிய வண்டி நண்பர் ஒருவருடையது. என்னுடையதைப் போலவே மார்க் 2 உடல், உள்ளே இசுசு. சேலம் நெடுஞ்சாலையில் ஐந்தாம் கியரில் 90இல் அது போனபோது, அம்பாசிடருக்குள் அமர்ந்து குரலை உயர்த்தாமல் பேச முடிகிறது என்பதே எனக்கு வியப்பாக இருந்தது. குன்னூர் மலைப்பாதையில் என் வண்டி இரண்டாம் கியரிலேயே முனகிக்கொண்டு ஏறும் இடங்களை அது மூன்றாம் கியரில் அலட்சியமாகக் கடந்தது. ஓட்டும் சுகம் ஒன்றை மட்டும் வைத்து மதிப்பெண் போடுவதென்றால் பேச்சுக்கே இடமில்லை, இசுசுவே மேல்.

ஆனால் இறக்கத்தில்தான் அந்த வண்டியின் மறுபக்கம் தெரிந்தது. எஞ்சினை மாற்றியவர் பிரேக்கை மாற்றவில்லை. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி, மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் இல்லாத பழைய டிரம் பிரேக், 90இல் போகத் தூண்டும் எஞ்சின் என்ற மூன்றும் சேர்ந்தபோது, பர்லியாறு வருவதற்குள் பிரேக் லைனிங்கின் கருகல் நாற்றம் உள்ளே வந்துவிட்டது. புது எஞ்சின் என்பது எஞ்சினோடு முடிகிற செலவு அன்று. எஞ்சினைத் தாங்கும் மவுண்ட், ரேடியேட்டர், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொபெல்லர் ஷாஃப்டின் நீளம், முன்பக்க டிஸ்க் பிரேக் என்று பட்டியல் நீளும். நண்பரின் வண்டியில் கியர் கம்பியைத் தரைக்குக் கொண்டுவருவதற்காக நடுத் தகட்டை வெட்டியிருந்தார்கள். வெட்டிய தகட்டைத் திரும்ப ஒட்டலாம். பழையபடி ஆக்க முடியாது. முன் இருக்கையில் மூன்று பேர் அமரும் வசதியும் அந்தக் கியர் கம்பியோடு போய்விட்டது. அம்பாசிடரில் வளர்ந்தவர்களுக்கு அது சின்ன இழப்பு அன்று.

சட்டத்தின் பக்கம் வந்தால் தராசு இன்னும் சாய்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க உரிமையாளருக்கு அதிகாரம் இல்லை. எஞ்சினை மாற்றுவதானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும். பட்டறைகளில் இதை "அப்புறம் பாத்துக்கலாங்க" என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். ஆர்.சி.யில் ஓர் எண்ணும் எஞ்சினில் வேறோர் எண்ணும் இருக்கும் வண்டி விபத்தில் சிக்கினால், காப்பீட்டு நிறுவனத்திடம் பதில் சொல்ல வேண்டியவர் மெக்கானிக் அல்லர்.

அதைவிட என்னைத் தடுத்து நிறுத்தியது 2021ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விண்டேஜ் வாகன விதிகள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்களை அந்த விதிகள் தனி வகையாக அங்கீகரிக்கின்றன. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பதிவெண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் இடம்பெறும். அன்றாடப் பயன்பாட்டுக்கும் வணிகத்துக்கும் அந்த வண்டியை ஓட்டக் கூடாது. இதற்கெல்லாம் முதல் நிபந்தனை, வண்டி தன் மூல வடிவத்தில் இருக்க வேண்டும் என்பது. சேஸி, உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்பட்டிருந்தால் அந்தத் தகுதி போய்விடும். நான் இன்னும் அந்தப் பதிவுக்கு விண்ணப்பிக்கவில்லை. ஆயினும் 1971ஆம் ஆண்டு வண்டி ஒன்று 50 ஆண்டு காத்திருந்து சம்பாதித்த தகுதியை ஒரு வாரப் பட்டறை வேலையில் தொலைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எனவே எஞ்சினைப் புதுப்பிக்கக் கோவையில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன். பிரித்துப் பார்த்ததில் பிளாக் ஏற்கெனவே இரண்டு முறை போர் செய்யப்பட்டிருந்தது. இன்னொரு முறை குடைவதைவிட நான்கு சிலிண்டருக்கும் உள்ளே புது உறையான ஸ்லீவ் அடித்து மூல அளவுக்கே கொண்டுவருவது நல்லது என்று லேத்காரர் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். அது சரியான ஆலோசனை. கிராங்கைக் கிரைண்ட் செய்தார்கள். எக்ஸாஸ்ட் வால்வுகள் மூடும்போது வந்து அமரும் இடத்தில் கடினப்படுத்திய சீட் வளையம் போடச் சொன்னது மட்டும் என் பிடிவாதம். ஈயம் கலந்த பெட்ரோலை நம்பி வடிவமைக்கப்பட்ட ஹெட் இது. அந்தப் பெட்ரோல் இந்தியாவில் 2000ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. மெத்தை போல இருந்த ஈயப் படிவு இல்லாமல் வார்ப்பிரும்புச் சீட்டில் வால்வு அடித்து அடித்து உள்ளே இறங்கிவிடும். எத்தனால் 20 விழுக்காடு கலந்த இன்றைய பெட்ரோலை எண்ணி, பெட்ரோல் பம்பின் டயஃப்ரமையும் ரப்பர் குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றினோம். இந்த இரண்டையும் செய்யாமல் எஞ்சினைப் புதுப்பிப்பது பணத்தை வீணாக்குவதாகும்.

மூன்று வாரம் என்று சொன்ன வேலை ஒன்பது வாரம் ஆனது. அதைப் பொறுத்துக்கொண்டேன். வண்டி வெளியே வந்த நான்காம் நாள், எஞ்சின் சூடானதும் ஓட்டத்தில் ஆயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 25 பவுண்டாக இறங்கியபோது பொறுக்க முடியவில்லை. மறுபடியும் பிரித்தால், புதுப் பேரிங்குகளில் நகத்தால் கீறியது போன்ற கோடுகள். கிரைண்ட் செய்த பிறகு கிராங்கின் ஆயில் துளைகளைச் சரியாகக் கழுவாததால் அரைத்த தூள் உள்ளேயே தங்கியிருந்தது. பட்டறைக்காரர் மழுப்பாமல் தவறை ஒப்புக்கொண்டார். பேரிங்கின் விலையைக்கூட வாங்காமல் மீண்டும் பூட்டிக் கொடுத்தார். இப்போது அழுத்தம் 50இல் நிற்கிறது. ஸ்லீவ், பிஸ்டன், ஹெட் வேலை, கூலி எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்தைத் தொட்டது. பிரேக்கை மாற்றாமலே நண்பர் இசுசுவுக்குச் செலவழித்ததும் ஏறக்குறைய அவ்வளவே. கைத்திறனுக்கு நான்கு, காலம் தவறாமைக்கு ஒன்று என ஐந்துக்கு மதிப்பெண் தருகிறேன். பூட்டுவதற்கு முன் கிராங்க் துளைகளைக் கழுவுவதை நேரில் நின்று பார்க்க முடிந்தவர்கள் தாராளமாக இப்படிப்பட்ட பட்டறையில் கொடுக்கலாம்.

பிளாக்கே விரிசல் விட்டுப்போயிருந்தால் நானும் வேறு முடிவுக்கு வந்திருப்பேன். அப்போதும் முதலில் தேடியிருக்க வேண்டியது இன்னொரு பி சீரிஸ் எஞ்சினைத்தான். முன்பு டீசல் மலிவாக இருந்த காலத்தில், நல்ல பெட்ரோல் எஞ்சின்களைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் எஞ்சின் வைத்த அம்பாசிடர்கள் ஏராளம். அப்படிக் கழற்றப்பட்டவற்றில் சில இன்னும் பழைய இரும்புக் கடைகளிலும் ஷெட்டுகளிலும் கிடக்கின்றன. தினமும் நெடுஞ்சாலையில் ஓட்ட அம்பாசிடர் வேண்டும் என்பவர்கள், தொழிற்சாலையிலேயே இசுசு பொருத்தி வந்த பிற்கால வண்டி ஒன்றை வாங்கிக்கொள்வது எல்லா வகையிலும் மலிவு.

புதுப்பித்த எஞ்சின் இப்போது 2,300 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. புகை இல்லை, லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் தருகிறது, 70க்கு மேல் நான் கேட்பதில்லை. கிராங்கின் பின்முனையில் ஆயில் சீல் வைக்காமல், ஆயிலைத் திருப்பி அனுப்பும் மரை மட்டும் வெட்டியிருக்கும் பழைய வடிவமைப்பு என்பதால், நிறுத்திய இடத்தில் சில சொட்டுகள் விழத்தான் செய்கின்றன. அது பழுதன்று, பிறவிக்குணம் என்று பட்டறைக்காரர் சொன்னார். போர்டிகோவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை மாற்றுகிறேன்.