டஸ்டரா, எக்ஸ்யூவி500-ஆ, கிரெட்டாவா? சென்னையில் பழைய டர்போ டீசல் வாங்கும் முன்

கையில் ஆறு லட்சம் இருக்கிறது. வீட்டில் ஐந்து பேர். வருஷத்துக்கு நாலைந்து தடவை திருநெல்வேலி போய் வர வேண்டும். புது வண்டி என்றால் இந்தப் பணத்துக்குச் சின்ன கார்தான் கிடைக்கும். அதனால் இரண்டு மாதமாகப் பழைய எஸ்யூவிகளைப் பார்த்து, கடைசியில் மூன்றில் வந்து நிற்கிறேன்: 2014 ரெனோ டஸ்டர் 110, 2013 மஹிந்திரா எக்ஸ்யூவி500, 2016 ஹூண்டாய் கிரெட்டா 1.6. மூன்றும் டர்போ டீசல், மூன்றும் மேனுவல் கியர்.

'டர்போ போனால் செலவு தாங்காது' என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். செலவு உண்மைதான். ஆனால் நன்றாகப் பார்த்துக்கொண்ட வண்டியில் அது சும்மா போகாது. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகையின் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சக்கரம் அது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். அந்த வேகத்தில் அதன் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் முதலில் அடிபடுவது டர்போதான். இன்னொன்றும் இருக்கிறது. இந்த மூன்று வண்டியிலும் டர்போவுக்குள் அசைகிற சின்னச் சின்ன இறக்கைகள் உண்டு. தி.நகர், வடபழனி நெரிசலில் மட்டுமே ஊர்ந்த வண்டி என்றால் அவற்றில் கரி படிந்து இறுகிப்போகும். அதனால் ஊருக்குள்ளேயே ஓடிய ஐம்பதாயிரம் கிலோமீட்டர் வண்டியைவிட, நெடுஞ்சாலையில் ஓடி சர்வீஸ் பில் எல்லாம் வைத்திருக்கும் ஒன்றேகால் லட்சம் கிலோமீட்டர் வண்டியைத்தான் நான் எடுப்பேன்.

சரி, முதலில் டஸ்டர். நம்ம ஒரகடத்தில் செய்த வண்டி. 110 குதிரைத்திறன், 205 மில்லிமீட்டர் தரை இடைவெளி. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். பள்ளம் மேட்டை அது விழுங்குகிற அழகுக்கு மற்ற இரண்டும் பக்கத்தில் வர முடியாது. 2020-இல் டீசலையும் 2022-இல் டஸ்டரையே நிறுத்திவிட்டார்கள் என்பதால் விலை இறங்கியிருக்கிறது. ஆனால் அதே 1.5 லிட்டர் எஞ்சின் குடும்பம் நிஸ்ஸான் சன்னி, டெரானோ, மஹிந்திரா வெரிட்டோ எல்லாவற்றிலும் ஓடியது. எஞ்சின் சாமான் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஹெட்லைட், பம்பர், கதவு மாதிரி வெளிச்சாமானுக்குத்தான் அலைய வேண்டும். புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் தேடத் தயாராக இருக்க வேண்டும். முக்கியமானது டைமிங் பெல்ட், அதாவது எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டன்களோடு தாளம் தப்பாமல் ஓட்டும் ரப்பர் பட்டை. மாற்றியதற்கு பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஓடும்போது அறுந்தால் எஞ்சினே போய்விடும்.

எக்ஸ்யூவி500-க்கு 2.2 லிட்டர், 140 குதிரைத்திறன், ஏழு சீட். ஸ்கார்ப்பியோவிலும் ஓடிய எம்ஹாக் எஞ்சின் குடும்பம் என்பதால் எந்த ஊரிலும் கை வைக்க மெக்கானிக் கிடைப்பார். ஆனால் ஆரம்ப வருட வண்டிகளில் எலெக்ட்ரிக்கல் தொல்லை அதிகம். எங்கள் தெருவில் இதை நிறுத்தவும் இடமில்லை. ஏழு பேர் ஏறுகிற வீட்டுக்கு மட்டும் இது சரி.

கிரெட்டாவில் 1.6 லிட்டர், 128 குதிரைத்திறன். இதில் டைமிங் பெல்ட் இல்லை, அந்த வேலையைச் செயின் செய்கிறது. எங்கள் வட்டாரத்தில் சாமான் உடனே கிடைக்கிறது. குறை என்றால் விலைதான். டஸ்டரைவிட இரண்டு வயது இளைய இந்த வண்டிக்கு என் ஆறு லட்சம் முழுதும் போய்விடும்.

ஆர்.சி.யையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம். 2013 வண்டிக்கு 2028-இல் முடிகிறது, கிரெட்டாவுக்கு 2031. அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தையே 5,000 ரூபாய் ஆக்கினார்கள், பசுமை வரி தனி. டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசலை ஓட்ட 2015-இல் தடை வந்ததிலிருந்து அங்கிருந்து மலிவாக வண்டிகள் வரத் தொடங்கின. தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, வாழ்நாள் வரி எல்லாம் சேர்த்துக் கூட்டினால் அந்த மலிவு கரைந்துவிடுகிறது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய பயம் வெள்ளம். 2017-இல் என் அண்ணன் ஒரு தரகரிடம் பளபளவென்று ஒரு வண்டி வாங்கினார். மூன்றாம் மாதம் பின் கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் காய்ந்த வண்டல். 2015 டிசம்பரில் மூழ்கிய வண்டி. வயரிங்குக்கு அவர் கொட்டிய பணமும் அண்ணியின் கண்ணீரும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. 2023 டிசம்பரிலும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கின. அதனால் எந்த வண்டியானாலும் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் கறை இருக்கிறதா என்று பாருங்கள், சீட்டுக்கு அடியில் போல்ட்டுகளில் துருவைப் பாருங்கள், ஸ்டெப்னி குழியில் கை விட்டுத் தடவிப் பாருங்கள்.

பில் இருக்கிற கிரெட்டா கிடைத்தால் அதுதான் என் முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் பெல்ட் மாற்றிய டஸ்டர். மிச்சப் பணத்தை வண்டிக்கென்றே பேங்கில் போட்டு வைப்பேன். எக்ஸ்யூவியை விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மெக்கானிக்கோடு குரோம்பேட்டைக்குக் கிரெட்டா பார்க்கப் போகிறேன். நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று ஓனரிடம் சொல்லியிருக்கிறேன். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது, ஆயில் எரிவதைக் காட்டும் நீலப் புகை வருகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றி உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கத்திப்பாரா மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏற்றி, டர்போவிலிருந்து சைரன் மாதிரி சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும்.