பெர்ரி மினியேச்சர்ஸ் பிரெஞ்சுக் காலாட்படை 1812–1815: 42 பேருக்கும் பெயிண்ட் அடித்த பிறகு

நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு வீரர் பொம்மைகள் 42-இல் கடைசி ஆளுக்கு மேட் வார்னிஷ் அடித்துக் காயவைத்தது போன ஞாயிற்றுக்கிழமை. வாரத்துக்கு மூன்று ராத்திரி, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் என்று உட்கார்ந்ததில் 42 பேரையும் முடிக்க ஐந்து மாதம் ஆனது. சரித்திரப் போர்வீரர் பொம்மைகளுக்குப் பெயிண்ட் அடிக்க ஆசை, எதில் ஆரம்பிக்கலாம் என்று யார் கேட்டாலும் இனிமேல் இந்தப் பெட்டியைத்தான் காட்டுவேன்.

பெர்ரி மினியேச்சர்ஸ், இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஆலன் பெர்ரி, மைக்கேல் பெர்ரி என்ற இரட்டைச் சகோதரர்கள் நடத்துகிற நிறுவனம். இருவரும் பொம்மைகளைத் தாங்களே செதுக்குகிறவர்கள். 1996-இல் பிரான்ஸில் கிரெஸி போரை நடித்துக் காட்டிய நிகழ்ச்சியில் பீரங்கி விபத்தில் மைக்கேல் வலது கையை இழந்தார். அதற்கப்புறம் இடது கையால் செதுக்கப் பழகிக்கொண்டு இன்றுவரை செய்துவருகிறார். ஒரு பொத்தானுக்கு மூன்று தடவை பிரஷ் வைத்தும் சரியாக வராத ராத்திரிகளில் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

பொம்மை 28 மில்லிமீட்டர், ஓர் அங்குலத்தைவிடக் கொஞ்சம் உயரம். கெட்டி பிளாஸ்டிக். இந்த அளவில் நிறையப் பேர் செய்கிற பொம்மைகளுக்குத் தலையும் கையும் பெருத்திருக்கும், அதில் பெயிண்ட் அடிப்பது சுலபம், ஆனால் அலமாரியில் வைத்துப் பார்த்தால் குள்ளர் கூட்டம்போல இருக்கும். பெர்ரி பொம்மைகள் நிஜ மனிதனின் உடல்வாகில் இருக்கின்றன. அதனால் துப்பாக்கியும் அதன் முனையில் மாட்டுகிற பயனெட் கத்தியும் மெலிசு, துண்டுகள் ஒட்டிக்கொண்டு வருகிற பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டும்போது நிதானம் வேண்டும். ஒட்டுவதற்கு சூப்பர் க்ளூ வேண்டாம், பிளாஸ்டிக் சிமென்ட் வாங்குங்கள். அது பிளாஸ்டிக்கை லேசாக இளக்கி இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும், கீழே விழுந்தாலும் கை கழன்று வராது.

எனக்கு ரொம்பப் பிடித்தது முதுகுப்பை. அன்றைக்கு பிரெஞ்சு வீரன் சுமந்தது முடியோடு பதனிட்ட மாட்டுத்தோல் பை. நகத்தளவுகூட இல்லாத அந்தப் பையில் முடியின் போக்குக்கூடத் தெரிகிறது. அடர் பழுப்பு அடித்துக் காயவிட்டு, வெளிர் பழுப்பில் பிரஷ்ஷைத் தொட்டு, டிஷ்யூ பேப்பரில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மேலாக இரண்டு தடவை தடவினால் போதும், ஒவ்வொரு முடியும் எழுந்து நிற்கும். சிலதில் வெள்ளைத் திட்டும் போட்டேன், மாடு எல்லாம் ஒரே நிறமா என்ன!

அடுத்து நீலம். இந்தப் பெட்டியின் உயிரே இதில்தான் இருக்கிறது. வலேஹோ மாடல் கலர் என்ற பெயிண்ட் வரிசையில் டார்க் பிரஷ்யன் ப்ளூ, எண் 70.899, இதுதான் நான் பயன்படுத்தியது. அன்றைய பிரெஞ்சு வீரன் போட்டிருந்த நிஜக் கோட்டின் நிறத்துக்கு ரொம்பப் பக்கம். ஆனால் அப்படியே அடித்து இரண்டடி தள்ளி வைத்துப் பார்த்தால் கறுப்பாகத்தான் தெரியும், சின்னப் பொருளில் அடர் நிறம் இன்னும் அடர்ந்து போகும். அதனால் அதே நீலத்தில் கொஞ்சம் வெளிர் நீலம் கலந்து தோள்பட்டை, முழங்கை மடிப்பு, கோட்டின் ஓரம் ஆகிய இடங்களில் மட்டும் மெல்லிய கோடு இழுத்தேன். அந்தக் கோடு விழுந்ததும்தான் துணி துணியாகத் தெரிந்தது.

அந்த நீலத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கோட்டுக்குச் சாயம் அவுரி, நம் ஊரிலும் விளைகிற அதே செடி. கடல் பிரிட்டிஷ் கப்பற்படையின் கையில் இருந்ததால் பிரான்ஸுக்கு அவுரி வருவது தடைப்பட்டது. 1806-இல் சில ரெஜிமென்டுகளுக்கு வெள்ளைக் கோட்டே கொடுத்துப் பார்த்தார்கள், அடுத்த ஆண்டே கைவிட்டு நீலத்துக்குத் திரும்பினார்கள். 1807-இல் ஐலாவ் போர்க்களத்தில் வெள்ளையில் ரத்தத்தைப் பார்த்து நெப்போலியன் மனம் மாறினார் என்று சொல்வார்கள்.

வருஷத்தைக் கவனித்து வாங்குங்கள். இந்தப் பெட்டியில் இருப்பது 1812 ஜனவரியில் வந்த பார்தேன் விதிகள் என்ற பிரெஞ்சுப் படையின் சீருடை விதிகளின்படி தைத்த கோட்டு, வால் குட்டை, முன்பக்க வெள்ளைப் பட்டை இடுப்புவரை மூடியிருக்கும். அந்த வருஷம் ரஷ்யாவுக்குப் போன படையில் பெரும்பாலோர் பழைய நீளக் கோட்டோடுதான் போனார்கள். எனவே 1813 லைப்சிக், 1815 வாட்டர்லூ போர்க்களங்களைச் செய்கிறவர்களுக்கு இது கச்சிதம். பெட்டியில் 1812 என்று போட்டிருக்கிறதே என்று ரஷ்யப் படையெடுப்புக்கு வாங்கிவிடாதீர்கள்.

வெள்ளையை வெள்ளையில் ஆரம்பிக்கக் கூடாது. வெளிர் சாம்பல் இரண்டு பூச்சு, அதன்மேல் மேடான இடங்களில் மட்டும் வெள்ளை. பெர்ரி செதுக்கலில் தோல் வார், மார்புப் பட்டை, காலர் விளிம்பு எல்லாம் கூர்மையாக எழும்பி நிற்பதால் பிரஷ்ஷின் பக்கவாட்டை வைத்து இழுத்தாலே கோடு நேராக விழுகிறது, புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஷாக்கோ என்ற உயரமான உருளைத் தொப்பியின் முன்னால் இருக்கிற வட்டக் குஞ்சத்தை எல்லோருக்கும் சிவப்பாக அடித்துவிடாதீர்கள். ஒரு பட்டாலியனில் ஃபியூசிலியர் என்ற சாதாரணக் காலாள் வீரர்களின் கம்பெனிகளில், அதாவது படைப் பிரிவுகளில், முதலாவதுக்குக் கரும்பச்சை, இரண்டாவதுக்கு வான்நீலம், மூன்றாவதுக்கு ஆரஞ்சு, நான்காவதுக்கு ஊதா. நாலு கம்பெனியையும் பிரித்து அடித்து வரிசையாக நிறுத்தியபோது, இத்தனை நாள் ஒரே மாதிரி தெரிந்த கூட்டம் சட்டென்று ஒரு பட்டாலியனாக மாறியது.

நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கு இரண்டு விஷயம். மழை நாளில் பெயிண்ட்டுக்கு அடியில் போடுகிற பிரைமரை ஸ்ப்ரேயில் அடித்து எட்டுப் பேர் மேல் மணல் தூவினாற்போலச் சொரசொரப்பாகிவிட்டது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க ஒரு வாரம் போனது, மனசும் விட்டுப்போனது. அதற்கப்புறம் பிரஷ்ஷால் பூசுகிற பிரைமர்தான், காற்றில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் கவலையில்லை. வெயில் காலத்தில் ஃபேன் காற்றில் அக்ரிலிக் பெயிண்ட் தட்டிலேயே காய்ந்துவிடும். பழைய டிபன் பாக்ஸில் நனைத்த ஸ்பாஞ்சை வைத்து, அதன்மேல் பட்டர் பேப்பரைப் போட்டுப் பெயிண்ட்டைக் கலந்தால் மறுநாள்கூட ஈரமாக இருக்கும்.

செலவு விஷயத்தில், ஒரே பெட்டியை மட்டும் வரவழைத்தால் தபாலும் கஸ்டம்ஸும் சேர்ந்து கையைக் கடிக்கும், இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குங்கள்.

கொடிகள் காகிதத்தில் அச்சடித்துப் பெட்டியிலேயே வருகின்றன. வெட்டி, ஃபெவிகால் தடவிக் கம்பத்தைச் சுற்றி மடித்து ஒட்டி, ஈரம் காய்வதற்குள் விரலால் அலை அலையாக வளைத்துவிடுங்கள். வெட்டிய விளிம்பில் காகிதத்தின் வெள்ளை தெரியும். நீலப் பக்கத்தில் நீலம், சிவப்புப் பக்கத்தில் சிவப்பு என்று பிரஷ் நுனியால் ஒரு இழுப்பு இழுத்தால் அதுவும் மறைந்துவிடும்.