தேயிலைப் பக்கெட்டின் முதல் பார்வை: மூன்று பைகளும் மூன்று வகைப் பெயர்களும்

மலையகத்தில் தேயிலைத் தூளைச் சொந்தப் பெயரில் பக்கெட் போட்டு விற்க முன்வரும் இளைஞர் பலருக்கு, கையில் இருக்கும் சிறு முதலில் பெரும்பங்கு பெயர்ப்பலகைக்கும் முகநூல் விளம்பரத்துக்கும் போய்விடுகிறது. கடையில் வாங்குபவரின் கைக்கு முதலில் வருவது பக்கெட்தான். ஆகவே அந்தப் பணத்தை எந்தப் பையில் போடுவது, அதன்மேல் எந்தப் பெயரை எழுதுவது என்பதையே இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதல் வழி, உள்ளிருக்கும் தூள் தெரியும் பொலித்தீன் பையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி விற்பது. செலவு மிகக் குறைவு. தூளைக் கண்ணால் பார்த்து வாங்கலாம் என்பதால் ஊர்க்காரருக்கும் பிடிக்கும். ஆனால் தேயிலைக்கு ஆகாதவை ஈரம், வெளிச்சம், பிறபொருளின் வாசனை ஆகிய மூன்றும். மெல்லிய பொலித்தீன் இவற்றில் எதையும் ஒழுங்காகத் தடுப்பதில்லை. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ மழைக்காலத்தில் ஒரு பலசரக்குக் கடைக்குள் போய்ப் பார்த்தால், சவர்க்காரத்துக்கும் கருவாட்டுக்கும் அருகே இத்தகைய பைகள் தொங்குவதைக் காணலாம். தூள் எவ்வளவு நல்ல தோட்டத்திலிருந்து வந்திருந்தாலும், சில வாரங்களில் பையைத் திறப்பவரின் மூக்கில் முதலில் படுவது அந்தக் கடையின் வாசனையாகவே இருக்கும்.

இரண்டாவது வழி, பெயரும் படமும் நேரடியாக அச்சிட்ட பை. பார்வைக்கு இதுவே சிறந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் பெருமளவு அச்சுக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி உருளை செதுக்க வேண்டியிருப்பதால், ஒரேயடியாக ஆயிரக்கணக்கில் பைகளை எடுத்தாக வேண்டும். தொலைபேசி இலக்கத்தில் ஓர் எண் பிழைத்தாலும், அச்சிட்ட உச்ச சில்லறை விலை மாறினாலும், அவ்வளவு பையும் அறையின் மூலையில் கிடக்கும். 2022 நெருக்கடியில் விலைகள் எவ்வளவு விரைவாக ஏறின என்பதை நினைத்துப் பார்த்தால், புதிதாகத் தொடங்குபவர் விலையை அச்சில் நிலைநிறுத்துவது எவ்வளவு ஆபத்தானது என்று விளங்கும்.

மூன்றாவது வழி, உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய, எதுவும் அச்சிடாத பையைச் சிறு அளவில் வாங்கி, நல்ல லேபல் ஒன்றை மட்டும் அச்சிட்டு ஒட்டுவது. என் தேர்வு இதுவே. இதிலும் முதல் பார்வையைக் கெடுப்பவை சிறிய விடயங்களே: கோணலாக ஒட்டிய லேபல், ஈரக் கை பட்டதும் கரையும் மை, பேனாவால் எழுதிய காலாவதித் திகதி. மழை மிகுந்த ஊர்களில் நீர்புகாத லேபலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண்போகாது. முன்பக்கத்தில் கண்ணாடிபோன்ற சாளரம் வைத்த பழுப்புக் காகிதப் பைகள் அழகாக இருந்தாலும், வெளிச்சத்துக்கு வழிவிடுவதால் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

படத்தைப் பொறுத்தவரை, நுவரெலியாவின் சுற்றுலாக் கடைகளில் கூடை சுமந்து சிரிக்கும் கொழுந்து பறிக்கும் பெண் இல்லாத பக்கெட்டைத் தேடித்தான் எடுக்க வேண்டும். எல்லோரிடமும் இருப்பது யாரையும் அடையாளம் காட்டாது. தவிர, பல தோட்டங்களில் கூடை போய்ச் சாக்கு வந்துவிட்டது என்பதை அறிந்த நம் வீட்டுப் பிள்ளைகளே அந்தப் பழைய படத்தை மறுபடியும் அச்சிடுவது எனக்கு விநோதமாகத்தான் படுகிறது. வாளேந்திய சிங்கத்தை வரைந்துகொள்ளலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அது இலங்கை தேயிலைச் சபைக்கு உரிய இலச்சினை. முழுவதும் இலங்கைத் தேயிலையாகவும், இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டதாகவும், சபையின் தர ஒப்புதல் பெற்றதாகவும் இருக்கும் பொதிகளுக்கே அது கிடைக்கும்.

பெயரில்தான் தவறான தேர்வு நீண்ட காலம் வலிக்கும். 'நுவரெலியா டீ' என்பதுபோன்ற ஊர்ப்பெயர் உடனே நம்பிக்கை தரும். ஆனால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பொருள் தோன்றிய இடத்தை மட்டுமே குறிக்கும் சொல்லை வியாபாரக் குறியாகத் தமக்கென்று பதிவு செய்துகொள்ள முடியாது. சுவாமி பெயர் உள்ளூரில் மதிப்பைத் தரும் என்றாலும், அதே பெயரில் ஏற்கெனவே நகைக்கடையும் புடவைக்கடையும் இருக்கும். வாங்குபவர் பெயரை மறந்து 'அந்தப் பச்சைப் பக்கெட்' என்று கேட்கத் தொடங்குவார். புதிதாக ஆக்கிய பெயர் முதல் மாதங்களில் யாருக்கும் எதையும் சொல்லாது. ஆனால் அதைத்தான் எளிதில் காப்பாற்றலாம். மெரில் ஜே. பெர்னாண்டோ தம் மகன்மார் டில்ஹான், மாலிக் ஆகியோரின் பெயர்களைச் சேர்த்து தம் தேயிலைக்கு 'டில்மா' என்று ஆக்கியது இத்தகைய பெயரே. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டால் போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அந்தப் பதிவு குறியின்மீது உரிமை தராது. அதற்கு கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கு கிடைக்கும் பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம்.

இவ்வளவையும் சுற்றுலாப் பயணி பார்ப்பார். ஊரில் வாங்குபவருக்கோ முதல் பார்வை என்பது முதல் கோப்பையின் சாயம். திம்புள்ளப் பக்கத் தேயிலை ஜனவரி முதல் மார்ச் வரையிலும், ஊவாத் தேயிலை கச்சான் காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலும் சிறந்து விளங்குவதால், அந்த மாதங்களில் வாங்கிய தூளைக்கொண்டு பெயர் எடுத்தவர், மற்ற மாதங்களில் அதே பக்கெட்டில் வேறு சுவையை விற்க நேர்கிறது. எனவே முதல் தொகுதித் தூளில் கொஞ்சத்தைக் காற்றுப்புகாத டப்பாவில் எடுத்துவைத்து, ஒவ்வொரு புதிய தொகுதியையும் 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் என்ற அளவில் 6 நிமிடம் ஊறவைத்து, பழையதோடு பக்கத்தில் வைத்துச் சுவைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்வரை கலவையைத் திருத்திக்கொண்டிருக்கலாம். அச்சிட்ட பைக்கு முற்பணம் கட்டுவது அதற்குப் பிறகு வரும் வேலை.