ஷ்வேஷ்வே துணியில் முக்கோணம்: இரண்டா, நாலா, எட்டா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த்தில், ஷ்வேஷ்வே என்னும் இந்த நாட்டு அச்சுப் பருத்தித் துணியில் என் பேத்திக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைத்தேன். காற்றாடிக் கட்டம் 48. கட்டத்துக்கு நாலு வீதம், இரண்டு முக்கோணம் சேர்ந்த சதுரம் 192 வேண்டும்; தைத்து முடித்தபின் ஒவ்வொன்றும் 4 இஞ்ச். ஒரு ஜோடித் துணியிலிருந்து இந்தச் சதுரத்தை இரண்டு, நாலு, எட்டு என்று எடுக்கும் மூன்று முறைகளையும் இந்த ஒரே போர்வையில் பார்த்துவிட்டேன்.

பழகிய முறையில், 5 இஞ்ச் சதுரம் இரண்டை முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இருபுறமும் கால் இஞ்ச் தள்ளித் தைத்து, கோட்டில் வெட்டினால் இரண்டு கிடைக்கும். 4½ இஞ்சுக்குச் சீவிவிடலாம். பிசகாது. ஆனால் 96 ஜோடி!

எட்டு முறையில் 10 இஞ்ச் சதுரம் இரண்டு. இரண்டு மூலைக்கோட்டுக்கும் இருபுறம் தையல். பிறகு துணியை அசைக்காமல் முதலில் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக, அப்புறம் மூலைக்கோடுகளில் வெட்ட வேண்டும். 24 ஜோடியில் வேலை முடியும். சதுரத்தின் ஓரம் நேர் இழையில் நிற்பதால் இழுபடாது. எனக்கு இதுதான் பிடித்தது.

நாலு முறை பார்க்க எளிது. 7 இஞ்ச் சதுரம் இரண்டைச் சுற்றிலும் தைத்து, மூலைக்கு மூலை இரண்டு வெட்டு. கோடு போடும் வேலையே இல்லை. வினை எங்கே என்றால், நாலு ஓரமும் கிராஸில், அதாவது இழைக்குச் சரிவாக, வந்துவிடும். புது ஷ்வேஷ்வே கஞ்சி ஏறி விறைப்பாக இருக்கும், அப்போது தெரியாது. நானோ, சாயமும் சுருக்கமும் போகட்டும் என்று முதலிலேயே துவைத்திருந்தேன். அயன் பெட்டியை அழுத்தி நகர்த்தியதும் ஓரம் அப்பளம் மாதிரி நெளிந்தது. இந்த முறையில் தைத்த பன்னிரண்டையும் பிரித்தே போட்டேன், மனசே ஆறவில்லை.

துவைத்த துணிக்கு வீட்டுச் சோற்றுக் கஞ்சியை நீர்க்க வடிகட்டிப் போட்டு, பின்பக்கமாக அயன் செய்தால் விறைப்பு திரும்பும். கருநீலத்தில் கஞ்சி கெட்டியானால் வெள்ளைத் திட்டு விழும், கவனம்.

இன்னொன்று, ஷ்வேஷ்வே 90 செ.மீ. அகலம்தான். குறுக்கே 10 இஞ்ச் சதுரம் மூன்றுதான் வரும். மிஞ்சும் ஓரத்துண்டை வீசாதீர்கள். இரண்டு இரண்டாகத் தைக்கும் முறைக்குச் சின்னச் சதுரமாக வெட்டிக்கொள்ளலாம். என் பேத்தியின் தலையணை உறை அப்படி வந்ததுதான்.