ஆறு வருடமாக ஒரு நீல இலைச் செடியோடு

நார்த் கரோலினாவில், ராலே பக்கத்தில் இருக்கிறோம். ஃபாதர்கில்லா என்ற புதர்ச்செடியில் ‘புளூ ஷேடோ’ என்ற ரகத்தை 2019 மார்ச்சில் வாங்கினேன். அப்போது வெறும் குச்சி. கூடவே தொங்கிய அட்டையில் இருந்த நீல இலைப் படத்தை நம்பித்தான் எடுத்து வந்தேன். இன்று நாலடி உயரம். மெதுவாகத்தான் வளரும், அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது.

இலை நிஜமாகவே நீலமா என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். நிஜம்தான். ஆனால் அந்த நீலம் இலைமேல் படிந்திருக்கும் மெழுகு. கறுப்புத் திராட்சையைத் துடைத்தால் சாம்பல் பூச்சு போய்ப் பளபளக்குமே, அதே மாதிரி மே மாதத்து இலையைக் கட்டைவிரலால் தேய்த்தால் அடியில் பச்சை தெரியும். அதனாலேயே எண்ணெய் கலந்த மருந்து எதையும் தெளிப்பதில்லை. பூச்சித் தொல்லையும் இதுவரை இல்லை.

முதலில் வைத்த இடம் தப்பு. கார் நிறுத்தும் கான்கிரீட் தளத்தின் ஓரம். இரண்டாம் வருடம் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. பார்க்கவே வயிற்றைப் பிசைந்தது. எங்கள் ஊர்ச் செங்களிமண் இயல்பாகவே அமில மண், இந்தச் செடிக்குப் பிடித்தது. சிமெண்டிலிருந்து இறங்கும் சுண்ணாம்புதான் அதைக் கெடுத்திருந்தது. மண்ணின் அமிலத்தன்மையைச் சொல்லும் பி.எச். அளவு 5-லிருந்து 6-க்குள் இருந்தால்தான் வேர் இரும்புச்சத்தைச் சரியாக எடுக்கும். நவம்பரில் இலை கொட்டியதும் பெயர்த்துக் கிழக்குப் பக்கம் நட்டு, பைன் மர ஊசியிலைகளை மூன்று அங்குலம் பரப்பினேன். அடுத்த வசந்தத்தில் நீலம் திரும்பி வந்தது.

பூ மட்டும் வரவில்லை. இடம் மாற்றும்போதே நுனிகளை வெட்டிவிட்டிருந்தேன். மொட்டு முந்தைய கோடையிலேயே கட்டிவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போதெல்லாம் பூ முடிந்த கையோடு கவாத்து. ஏப்ரலில் இலைக்கு முந்திப் பூ வந்துவிடும். இதழே கிடையாது, வெள்ளை மகரந்தத் தாள்கள் மட்டும் புட்டி கழுவும் பிரஷ் போலக் கொத்தாக நிற்கும். கிட்டப் போனால் தேன் வாசம்.

இன்னொன்று. இந்த நீல ரகம் ‘மவுண்ட் ஏரி’ என்ற பச்சை ரகத்தில் திடீரெனத் தோன்றிய நீல இலைக் கிளையிலிருந்து வந்தது. என் செடியிலும் நான்காம் வருடம் ஒரு கிளை பச்சைக்கே திரும்பியது. அடியோடு வெட்டிவிட்டேன், விட்டால் அதுவே மேலோங்கிவிடும்.

வேர் ஆழம் போகாது, ஆகஸ்டில் தண்ணீர் தவறவே கூடாது. நவம்பரில் ஒரே இலையில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மூன்றும் வரும்.

வரும் மார்ச்சில் இன்னொன்று வாங்கப் போகிறேன். சமையலறை ஜன்னலுக்கு நேரே இடம் பார்த்து வைத்திருக்கிறேன்.